களிக்கும் குழம்புக்கும் பொருந்துகிற மைக்ரோகிரீன் எது? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு விதைத் தேர்வு

காரிமங்கலம் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் மைக்ரோகிரீன், அதாவது விதை முளைத்துச் சில நாளில் தளிராகவே அறுத்துச் சாப்பிடும் கீரை, போடலாம் என்று இருக்கிறேன். விதை எது வாங்குவது என்பதில்தான் குழப்பம். விதை விற்கும் தளங்களைத் திறந்தால் சிவப்பு முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி, கேல், அருகுலா என்று பட்டியல் நீள்கிறது. விலையும் கையைக் கடிக்கிறது. அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் கடுகும் வெந்தயமும் இருக்கிறது. அதையே போட்டால் போதாதா, சத்தில் பெரிய வித்தியாசம் வருமா?

வீட்டு நிலவரம் இது. மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. பிள்ளைகள் இரண்டு பேரும் கசப்பு என்றால் கிட்டே வர மாட்டார்கள். கிழக்குப் பார்த்த திண்ணை, காலை வெயில் பத்து மணி வரை விழும். வாரத்தில் பாதி நாள் ராத்திரிக்கு ராகிக் களிதான். தண்ணீர் போர் தண்ணீரும் உண்டு, ஒகேனக்கல் தண்ணீரும் வரும். ருசியும் வேண்டும், சத்தும் வேண்டும். வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பாப்பாரப்பட்டி தோட்டம்:

வணக்கம் டீச்சர். சத்துப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் இரண்டு விஷயம் பாருங்கள்: உங்கள் ஊர்ச் சூடு, உங்கள் வீட்டுச் சாப்பாடு. என்ன சத்து இருந்தாலும் பிள்ளைகள் தட்டோரம் ஒதுக்கினால் அந்தச் சத்து குப்பைக்குத்தான் போகும்.

நம் பக்கம் மார்ச் முதல் மே வரை வெயில் 40 டிகிரியை நெருங்கும். முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி, கேல் எல்லாம் குளிர்ச்சி விரும்பும் குடும்பம். 18 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் அழகாக வரும். அதற்கு மேல் போனால் தண்டு நீண்டு தொய்ந்து, அடியில் அழுகல் பிடிக்கும். அதே வெயிலில் தண்டுக்கீரை, அரைக்கீரை விதை சந்தோஷமாக முளைக்கும். அது வெப்பப் பயிர்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் வரிசை: கடுகு, முள்ளங்கி, வெந்தயம், சிவப்புத் தண்டுக்கீரை. பழகிய பிறகு கொத்தமல்லி.

கடுகு மூன்று நாளில் தலைகாட்டும், ஒரு வாரம் பத்து நாளில் அறுக்கலாம். ஊறவைக்கத் தேவையில்லை. முள்ளங்கி அதைவிட வேகம், ஐந்தாறு நாளிலேயே தட்டு நிறைந்துவிடும். வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்து, காலையில் வழவழப்புப் போக இரண்டு முறை அலசிப் பரப்புங்கள். தண்டுக்கீரை விதை மணல் மாதிரி பொடி. ஊறவைக்கவே கூடாது, தட்டில் பரப்பிய ஈரத் தென்னை நாரின் (கோகோபீட்) மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். கொத்தமல்லியைத் தோசைக்கல்லின் அடியிலோ பூரிக்கட்டையாலோ மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து ஊறவைக்க வேண்டும். முளைக்கவே ஒரு வாரம் பத்து நாள் எடுக்கும், அறுக்க மூன்று வாரம் ஆகும். 30 டிகிரிக்கு மேல் அது அரைகுறையாகத்தான் முளைக்கும்.

ஒரு சதுர அடித் தட்டுக்குக் கடுகு என்றால் 8 முதல் 10 கிராம், முள்ளங்கி 20 கிராம், வெந்தயம் 25 கிராம், தண்டுக்கீரை 5 கிராம் போதும். பக்கத்துப் பக்கத்து விதை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விழ வேண்டும். நெருக்கிப் போட்டால் காற்று போகாது, வெயில் காலத்தில் ஒரே ராத்திரியில் தட்டு முழுக்க வீணாகும்.

ஓசூர் மாடி:

பாப்பாரப்பட்டி அண்ணா சொல்வது தருமபுரிச் சமவெளிக்குச் சரி. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இன்னும் குளிர்ச்சி. இங்கே ஜூன் முதல் பிப்ரவரி வரை சிவப்பு முட்டைக்கோஸும் ப்ரோக்கோலியும் எந்தச் சிரமமும் இல்லாமல் வருகின்றன. அதனால் அந்த விதைகளை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம்.

சத்து விஷயத்திலும் ஒரு வார்த்தை. 2012-ல் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்களும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 25 வகை மைக்ரோகிரீனை அளந்து பார்த்தார்கள். அதில் வைட்டமின் சி அதிகம் இருந்தது சிவப்பு முட்டைக்கோஸில்தான், 100 கிராமுக்கு 147 மில்லிகிராம். நம் நாக்குக்குப் பழக்கமில்லை என்பதற்காக அதை விட்டுவிடுவதா? ருசியும் மோசமில்லை. காரமே இல்லாத, லேசாக இனிக்கும் கோஸ் சுவை. கசப்பு பிடிக்காத பிள்ளைகளுக்கு வெந்தயத்தைவிட அது சுலபமாகப் போகும்.

சத்துணவியல் மாணவி, தருமபுரி:

ஓசூர் அண்ணா சொன்ன ஆய்வு உண்மைதான், எங்கள் பாடத்திலும் வந்தது. ஆனால் அதே ஆய்வின் மற்ற வரிகளையும் பார்க்க வேண்டும். வைட்டமின் கே-யில் முதலிடம் சிவப்புத் தண்டுக்கீரை இனத்துக்கு. கண்ணுக்கு நல்லதான லூட்டீனில் முதலிடம் கொத்தமல்லிக்கு, பீட்டா கரோட்டினிலும் அது முன்வரிசைதான். வைட்டமின் ஈ-யில் முதலிடம் பச்சை டைக்கான் முள்ளங்கிக்கு. அந்த மூன்று குடும்பமும் நம் ஊர்ச் சந்தையிலேயே இருப்பவை! டைக்கானும் நம் வெள்ளை முள்ளங்கியும் ஒரே இனம். ரகத்துக்கு ரகம் அளவு மாறும், ஆனாலும் குணம் அதுதான்.

அப்புறம் அந்த 147 மில்லிகிராம் என்பது 100 கிராமுக்கு. ஒரு வேளைக்கு நாம் தூவுவது 20 கிராம் இருந்தால் அதிகம். அதில் சுமார் 30 மில்லிகிராம் வரும். நல்ல அளவுதான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். வைட்டமின் சி-க்காக மட்டும் விலை கூடின விதை வாங்க வேண்டியதில்லை.

ப்ரோக்கோலிக்கு உள்ள பெயர் வேறு காரணத்தால் வந்தது. 1997-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று நாள் ப்ரோக்கோலி முளையை ஆராய்ந்தபோது, சல்ஃபோராஃபேன் ஆக மாறும் பொருள் முதிர்ந்த ப்ரோக்கோலியைவிட 10 முதல் 100 மடங்கு வரை இருந்தது. உடலின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளை அது தூண்டும் என்பதால்தான் இத்தனை பேச்சு. அந்த ஒரு காரணத்துக்காக ஓசூரில் ப்ரோக்கோலி போடுவது நியாயம். காரிமங்கலத்தில் மார்கழி, தை மாதங்களில் போடலாம்.

எங்கேயும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் வெளிச்சம். அதே 2012 ஆய்வில் வெளிச்சம் காட்டாமல் மஞ்சளாக வளர்த்த பட்டாணித் தளிர், வெளிச்சத்தில் வளர்த்த பட்டாணித் தளிரைவிடச் சத்தில் ரொம்பப் பின்தங்கியது. விதை எது என்று யோசிக்கிற அளவுக்குத் தட்டை எங்கே வைக்கிறோம் என்றும் யோசிக்க வேண்டும். முளைத்து ஒரு விரற்கடை உயரம் வந்ததும் மூடியை எடுத்துத் திண்ணை வெளிச்சத்தில் வையுங்கள். உங்கள் காலை வெயில் அதற்குத் தாராளம்.

காரிமங்கலம் டீச்சர்:

இவ்வளவு விளக்கமா! நன்றி. மாமியாருக்காக வெந்தயத்தை முதலில் போடலாம் என்று நினைத்தேன். சர்க்கரைக்கு வெந்தயம் நல்லது என்கிறார்களே, மைக்ரோகிரீனிலும் அந்தப் பலன் இருக்குமா?

சத்துணவியல் மாணவி, தருமபுரி:

டீச்சர், இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஊறவைத்த வெந்தயத்தில் வழவழவென்று வருகிறதே, அது கேலக்டோமன்னன் என்ற நார்ச்சத்து. குடலில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. விதை முளைக்கும்போது செடி அந்த நாரைத்தான் உணவாக உடைத்துச் செலவழிக்கிறது. நீங்கள் அறுக்கும் இலையில் அது கிட்டத்தட்ட இருக்காது. வெந்தய மைக்ரோகிரீன் நல்ல கீரை. ஊறவைத்த வெந்தயத்துக்கு மாற்று கிடையாது. மாமியார் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் அதையும் இதை நம்பிக் குறைக்க வேண்டாம்.

நல்லம்பள்ளி தம்பி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நம் மாவட்டத்தில் ராகிக்கும் சாமைக்கும் கொள்ளுக்கும் குறைவே இல்லை. அதையெல்லாம் தட்டில் போடக் கூடாதா? சோளம்கூட வீட்டில் ஒரு மூட்டை கிடக்கிறது.

அரூர் பண்ணை:

தம்பி, சோளத்தை மட்டும் தொடாதீர்கள். இளஞ்சோளப் பயிரில் மாட்டை மேயவிட மாட்டோம், தெரியுமா? வயிறு ஊதி, மூச்சு வாங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடு சாய்ந்துவிடும். சோளத்தின் குருத்தில் துரின் என்று ஒரு பொருள் உண்டு. மென்றால் அது உடைந்து சயனைடு வெளியாகும். பயிர் எவ்வளவு இளசோ அவ்வளவு அதிகம். மைக்ரோகிரீன் என்பதே அந்த இளசுப் பருவம்தான். மாட்டுக்கே ஆகாததை மனிதன் பச்சையாகச் சாப்பிடலாமா?

இதே வரிசையில் இன்னும் சில. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நாற்றை உண்ணக் கூடாது. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விதை எல்லார் வீட்டிலும் இருக்கும் என்பதால் சொல்கிறேன். மொச்சை, ராஜ்மா இரண்டையும் பச்சையாகத் தளிராகச் சாப்பிட வேண்டாம், வேகவைத்துச் சாப்பிடும் பயறுகள் அவை. ஆமணக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ராகி முளைக்கும், ஆனால் அது புல். மென்றால் சக்கைதான் மிஞ்சும். ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்து மாவாக்கிக் கொள்வது எத்தனையோ மேல். கொள்ளு இலையில் சின்ன மயிர் இருக்கும், துவர்ப்பும் அதிகம். அதையும் முளைகட்டி வேகவைத்து மசியலாகச் சாப்பிடுவதுதான் சரி.

பாப்பாரப்பட்டி தோட்டம்:

அரூர் அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 1, பையூர் 2 கொள்ளு ரகங்களோ, வேறு எந்த ரகமோ, வயலில் விதைப்பதற்காக விற்கும் விதையில் பெரும்பாலும் விதைநேர்த்தி செய்திருப்பார்கள். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசியிருந்தால் அது திரம், கேப்டான் மாதிரியான பூஞ்சாணக்கொல்லி கலந்த விதை. மண்ணில் போடத்தான் அது. பத்து நாளில் அறுத்துப் பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் அந்த விதை ஆகாது. பொட்டலத்தின் பின்னால் "உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தக் கூடாது" என்று இருக்கிறதா என்று படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். காய்கறித் தோட்டத்துக்கு விற்கும் முள்ளங்கி, பீட்ரூட், முட்டைக்கோஸ் விதையில் இந்த ஆபத்து அதிகம்.

பாலக்கோடு மளிகை:

கடைக்காரன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது இது. மளிகைக் கடையில் வாங்கிய எல்லாமும் முளைக்காது. கடுகு, வெந்தயம், பச்சைப்பயறு முளைக்கும், சரக்கு புதிதாக இருந்தால். கொத்தமல்லி சரக்கைப் பொறுத்தது. ஒரு வருடத்துக்கு மேல் குடோனில் கிடந்ததாக இருந்தால் பாதிகூட முளைக்காது. உடைந்த மல்லி அதிகம் உள்ள சரக்கையும் எடுக்காதீர்கள். எள் போடுகிறவர்கள் தோல் நீக்காத கறுப்பு எள்ளைக் கேளுங்கள், ஆனால் அதன் தளிர் கசக்கும்.

பட்டாணி வாங்கினால் ஒரு பிடியை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பச்சையாக மாறினால் சாயம் ஏற்றியது, கொட்டிவிடுங்கள். வெள்ளைப் பட்டாணியில் அந்தத் தொல்லை இல்லை.

எதை வாங்கினாலும் கால் கிலோ எடுக்கும் முன் ஒரு ஸ்பூன் வாங்கிப்போய் ஈரத்துணியில் இருபது விதை சுற்றிவையுங்கள். பதினாறு பதினேழு முளைத்தால் சரக்கு நல்லது. பத்துதான் முளைத்தது என்றால், முளைக்காத மீதி விதை தட்டில் கிடந்து அழுகி, முளைத்ததையும் கெடுக்கும்.

நல்லம்பள்ளி தம்பி:

சோளத்தை மாட்டுக்கும் கோழிக்குமே விட்டுவிடுகிறேன், நன்றி அரூர் அண்ணா. முள்ளங்கி போட்டிருக்கிறேன். மூடியைத் திறந்தால் தண்டின் அடியில் வெள்ளையாகப் பஞ்சு போலச் சுற்றியிருக்கிறது. பூஞ்சையா? கொட்டிவிடட்டுமா?

பாப்பாரப்பட்டி தோட்டம்:

கொட்டாதீர்கள் தம்பி, அவசரம் வேண்டாம். முள்ளங்கிக்கும் கடுகுக்கும் இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் வரும். கிட்டே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வேரையும் சுற்றி ஒரே சீராக, வேரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் அது வேர்த்தூவி. ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடியுங்கள், உடனே வேரோடு ஒட்டிக் காணாமல் போகும். பூஞ்சை அப்படிப் போகாது. ஒரு விதையிலிருந்து இன்னொரு விதைக்கு, தண்டிலிருந்து தண்டுக்கு, நூலாம்படையாகப் படர்ந்திருக்கும். மூக்கை வைத்தால் மக்கல் நாற்றம் அடிக்கும். தொட்டால் தண்டு அடியில் கூழாக இருக்கும். அப்படி இருந்தால் அந்தத் தட்டை முழுவதுமாக எடுத்துக் குப்பையில் போட்டு, தட்டை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். நல்ல பக்கத்தை மட்டும் அறுத்துச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

நல்லம்பள்ளி தம்பி:

தண்ணீர் அடித்ததும் மறைந்துவிட்டது! வேர்த்தூவிதான். நன்றி அண்ணா.

பர்கூர் சமையல்:

எல்லாரும் விதையையும் சத்தையும் பேசுகிறீர்கள், சாப்பாட்டுக்கு வருவோம். டீச்சர் வீட்டில் களி என்கிறார்கள், எங்கள் வீட்டிலும் அதுதான். எதற்கு எது பொருந்தும் என்று சமைப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

கடுகுத் தளிர் வாயில் போட்டதும் ஒன்றும் தெரியாது. மெல்ல ஆரம்பித்த பிறகுதான் காரம் கிளம்பி நேராக மூக்குக்கு ஏறும். களியோடு கொள்ளு மசியலோ உப்புச்சாறோ இருக்கும்போது இதைவிடப் பொருத்தமான பச்சை கிடையாது. களியின் மந்தத்தை அது அப்படியே தூக்கிக் கொடுக்கும். தயிர்ச்சாதத்தில் தாளித்த கடுகு இருக்கும் இடத்தில் கடுகுத் தளிரைப் போட்டுப் பாருங்கள், தாளிப்பே வேண்டாம் என்று தோன்றும்.

முள்ளங்கித் தளிர் காரம் நாக்கோடு நிற்கும், மூக்குக்குப் போகாது. நறுக்கென்று கடிபடும். வெங்காயம், எலுமிச்சை, உப்பு, வேர்க்கடலை சேர்த்துக் கலந்தால் பிள்ளைகள் தின்பண்டமாகவே சாப்பிடுவார்கள். நிப்பட்டு பலகாரத்தை நொறுக்கி அதன்மேல் போட்டாலும் அருமை.

தண்டுக்கீரைத் தளிருக்குச் சொந்தக் காரமோ கசப்போ இல்லை. மழை பெய்த மண் வாசம் லேசாக இருக்கும். நிறம்தான் அதன் அழகு, வெள்ளைப் பணியாரத்தின் மேல் அந்தக் கருஞ்சிவப்பைத் தூவினால் பிள்ளைகள் கை தானாக நீளும். கசப்பு பிடிக்காத வீட்டில் இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

வெந்தயம் கசக்கும், மறைக்க முடியாது. ஆனால் முதிர்ந்த வெந்தயக்கீரை அளவுக்கு இல்லை. இரண்டு விதையிலை மட்டும் இருக்கும்போது அறுத்தால் கசப்பு குறைவு, மூன்றாவது இலை வந்துவிட்டால் ஏறிவிடும். தக்காளிப் புளிப்போடு சேர்த்தால் அடங்கும். பெரியவர்களுக்குப் பருப்புக் கடைசலில் இறக்கும்போது போடுங்கள்.

கொத்தமல்லித் தளிருக்கு எலுமிச்சைத் தோல் வாசம். இதற்காக மூன்று வாரம் காத்திருக்கலாம் என்பதுதான் என் கருத்து. சந்தையில் வாங்கும் கட்டு மல்லியில் இந்த வாசம் கிடைக்காது.

சூரியகாந்தி கொட்டைச் சுவையோடு கொழுகொழுவென்று இருக்கும், வெறும் வாயில் தின்னலாம். ஓட்டை ஒவ்வொன்றாக எடுக்கப் பொறுமை வேண்டும். இரண்டு விதையிலை நன்றாக விரிந்ததும் அறுத்துவிட வேண்டும். நடுவில் அடுத்த இலை வந்தால் சொரசொரப்பாகிக் கசக்கும். பட்டாணித் தளிர் இனிப்பு, பச்சைப் பட்டாணி உரித்துத் தின்ற ருசி. அது குளிர்காலத்துக்கு.

இன்னொன்று, எதையும் கொதிக்கும் குழம்பில் போடாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டில் பரிமாறிய பிறகு மேலே தூவ வேண்டும்.

சத்துணவியல் மாணவி, தருமபுரி:

பர்கூர் அக்கா சொன்ன கடைசி வரிக்குக் காரணமும் உண்டு. கடுகுக் குடும்பத்துத் தளிரில் காரம் தயாராக இருப்பதில்லை. காரத்துக்கான மூலப்பொருள் ஒரு அறையிலும் அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி இன்னொரு அறையிலும் இருக்கும். மெல்லும்போது இரண்டும் கலந்துதான் காரம் பிறக்கிறது. அதனால்தான் அக்கா சொன்னபடி முதலில் ஒன்றும் தெரியாமல் பிறகு ஏறுகிறது. கொதியில் போட்டால் நொதி செத்துவிடும், காரமும் வராது, ப்ரோக்கோலியின் சல்ஃபோராஃபேனும் சரியாக உருவாகாது. வைட்டமின் சி-யும் சூட்டில் குறையும்.

அதோடு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ சாப்பாட்டில் இருக்கட்டும். பீட்டா கரோட்டினும் வைட்டமின் கே, ஈ எல்லாமும் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஏறும். களியில் குழி செய்து நெய் விடும் பழக்கம் இந்த விஷயத்தில் ரொம்பச் சரியானது.

கிருஷ்ணகிரி பழையபேட்டை:

என் அப்பாவுக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை நடந்து அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். தண்டுக்கீரையில் வைட்டமின் கே அதிகம் என்று மேலே படித்ததும் பயம் வந்துவிட்டது. கொடுக்கலாமா?

சத்துணவியல் மாணவி, தருமபுரி:

கேட்டது ரொம்ப நல்லது. அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் வைட்டமின் கே-க்கு எதிராக வேலை செய்து ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்துகள். திடீரென்று நிறையக் கீரை சேர்த்தால் மருந்தின் வேகம் குறையும், திடீரென்று நிறுத்தினால் கூடும். அப்பா இதுவரை எந்த அளவு கீரை சாப்பிட்டாரோ அதே அளவில் இருக்கட்டும். புதிதாகச் சேர்ப்பதென்றால் மருத்துவரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்களும் தண்டுக்கீரை, பீட்ரூட் தளிரை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், ஆக்சலேட் உள்ள குடும்பம் அது.

ஓசூர் மாடி:

சுத்தம் பற்றி யாரும் பேசவில்லையே. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையில் ஈ-கோலை கிருமி வந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். விதையிலேயே கிருமி இருந்தது, முளைகட்டும் ஈரச் சூட்டில் பெருகிவிட்டது. முளைப்பயறை விதை, வேர் எல்லாம் சேர்த்துச் சாப்பிடுகிறோம். மைக்ரோகிரீனை வேருக்கு மேலே அறுப்பதால் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. ஆகவே நாரைத் தொடாமல் ஒரு விரல் மேலே கத்தரியுங்கள். ஆட்டுப் புழுக்கை, சாணம், பஞ்சகவ்யம் எதையும் இந்தத் தட்டில் காட்டாதீர்கள். பத்து நாள் பயிருக்கு விதையில் உள்ள உணவே போதும், எருவே வேண்டாம்.

அறுத்ததைக் கழுவி வைக்காமல் உலர்ந்தபடியே டப்பாவில் துணி விரித்துப் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரை நிற்கும். சாப்பிடும் முன் கழுவுங்கள். முடிந்தால் வைக்கவே வேண்டாம், வேண்டியதை வேளைக்கு அறுங்கள். வீட்டில் வளர்ப்பதன் முழுப் பலன் அதில்தான்.

பாப்பாரப்பட்டி தோட்டம்:

ஓசூர் தம்பி சொன்னது ஒவ்வொன்றும் முக்கியம். தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்தில் அதை விட முடியாது. இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் ஃப்ளோரைடு பிரச்சினை எல்லாருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013-ல் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு தட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்கிறபோது, குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நாரின் மேல் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், பொடி விதையான தண்டுக்கீரை அதில் திணறும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை.

கோகோபீட் கட்டியையும் ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்து கொட்டிவிட்டுத்தான் பரப்ப வேண்டும். தென்னை நாரில் இயல்பாகவே உப்பு உண்டு. முளைத்த பிறகு மேலே தண்ணீர் தெளிக்காமல், துளையுள்ள தட்டை இன்னொரு தட்டில் வைத்து அடியில் ஊற்றுங்கள். தண்டு நனையாமல் இருந்தாலே பாதி அழுகல் வராது.

காரிமங்கலம் டீச்சர்:

எல்லாரும் எழுதியதை நோட்டில் குறித்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குத் தண்டுக்கீரை, பெரியவர்களுக்குக் கடுகு. இந்த இரண்டையும் இந்த வாரமே போடுகிறேன். முள்ளங்கி விதை சாயம் பூசாததாகக் கிடைத்தால் அதுவும். கொத்தமல்லிக்குத்தான் ஆசை, இப்போது பங்குனி வெயிலாக இருக்கிறதே என்று தயக்கம். வீட்டுக்குள் தரையில் வைத்தால் வருமா?

ஓசூர் மாடி:

எங்கள் ஊரில் என்றால் இப்போதே போடச் சொல்லியிருப்பேன் டீச்சர். காரிமங்கலத்தில் ஆடி கடந்து மழை விழட்டும்.

பாப்பாரப்பட்டி தோட்டம்:

அதேதான். தரை குளிர்ச்சியாக இருந்தாலும் ராத்திரியும் வீட்டுக்குள் சூடு இறங்காது. ஆவணி, புரட்டாசியில் புதுச் சரக்கு மல்லி வாங்கி ஆரம்பியுங்கள். அதுவரை அந்தத் தட்டில் அரைக்கீரை போட்டு வையுங்கள், தட்டு சும்மா இருக்க வேண்டாம். கடுகுத் தட்டை மட்டும் வெயில் உறைக்கும் முன் ஒன்பது மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள்.